800 கணினிகளுக்கு ஃபயர்பாக்ஸ் இஎஸ்ஆர் போடலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 14 கிளைகள், மொத்தம் 800 விண்டோஸ் கணினிகள். பில்லிங், கணக்கு எல்லாம் பிரவுசரிலேயே ஓடுகின்றன. நாலு வாரத்துக்கு ஒருமுறை ஃபயர்பாக்ஸ் தானாகப் புதிய பதிப்புக்குப் போய்விடுகிறது, ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு கிளையிலிருந்து போன் வருகிறது. நீண்டகால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆருக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமா, பழைய பதிப்பிலேயே இருப்பது ஆபத்தில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் இரண்டு கேள்வி. ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, புது பதிப்பைச் சோதித்துப் பார்க்கும் வேலையை யார், எப்போது செய்வது என்பதுதான். 16 வருடமாக அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. அதை வைத்துச் சொல்கிறேன்: தாராளமாக மாறலாம். ஆனால் வருடத்தில் 12 வாரம் இதற்கென்று ஒரு ஆளை ஒதுக்க முடியாவிட்டால் மாறாதீர்கள். மாறினால் இப்போது மாதாமாதம் சில்லறையாக வரும் தொல்லை, வருடத்துக்கு ஒருநாள் மொத்தமாக வந்து இறங்கும்.

அந்த 12 வாரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2011 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் 4 வந்தது. அதுவரை ஒரு பெரிய பதிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு வருடத்துக்கு மேல்கூட இடைவெளி இருக்கும். பெரிய நிறுவனங்கள் தங்கள் மென்பொருள்களை எல்லாம் அதில் ஓட்டிப் பார்த்து, பிறகுதான் ஊழியர்களுக்குக் கொடுக்கும். 4-ஐ அப்படிச் சோதித்துக்கொண்டிருக்கும்போதே, 3 மாதத்தில், அதே வருடம் ஜூனில் ஃபயர்பாக்ஸ் 5 வந்துவிட்டது. 4-க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு நின்றன. இனி 6 வாரத்துக்கு ஒரு பதிப்பு என்றார்கள். சோதித்து முடிக்கும் முன்பே பதிப்பு காலாவதியாகிவிடும் என்றால் நிறுவனங்கள் என்ன செய்யும்? பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதற்குப் பதில் சொல்லும் விதமாக 2012 ஜனவரியில், ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா கொண்டுவந்ததுதான் முதல் இஎஸ்ஆர், ஃபயர்பாக்ஸ் 10. அப்புறம் 17, 24, 31 என்று வரிசையாக வந்து, 115, 128, 140 வரை எங்கள் அலுவலகத்தில் போட்டிருக்கிறோம். 2020 முதல் சாதாரணப் பதிப்பு 4 வாரத்துக்கு ஒன்று வருகிறது. இஎஸ்ஆர் ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று.

இதன் நடைமுறை எண்களைப் பார்த்தால் எளிதாகப் புரியும். 2025 ஜூன் 24 அன்று 140 இஎஸ்ஆர் வந்தது. அதே நாளில் பழைய வரிசைக்கு 128.12 வந்தது. ஜூலையில் 140.1-ம் 128.13-ம் ஒன்றாக வந்தன. ஆகஸ்டில் 140.2-ம் 128.14-ம். செப்டம்பர் 16 அன்று 140.3 வந்தபோது பழைய வரிசையிலிருந்த கணினிகள் தானாகப் புதியதற்குப் போயின. ஜூன் 24 முதல் செப்டம்பர் 16 வரை எண்ணிப் பாருங்கள், சரியாக 12 வாரம். இந்தக் காலத்தில் பழைய வரிசைக்கும் பாதுகாப்புத் திருத்தம் உண்டு, புதியதும் கையில் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இஎஸ்ஆர் கொடுக்கும் பெரிய வசதி இந்த இரட்டைக் காலம்தான். பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. ஒரு வருடம் அமைதியாக இருக்கும் என்று நினைத்துப் போட்டுவிட்டு, 12 வாரத்தையும் தூங்கிக் கழித்து, செப்டம்பரில் அலறுவார்கள்.

பாதுகாப்பைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதும் இருக்கிறது, ஆளுக்கு ஆள் மாறுபடக்கூடியதும் இருக்கிறது. உறுதியானது முதலில். தீவிரமான ஓட்டைகளுக்கான திருத்தம் சாதாரணப் பதிப்புக்கு வரும் அதே நாளில் இஎஸ்ஆருக்கும் வருகிறது. 2024 அக்டோபரில் ஒரு ஓட்டையைப் பயன்படுத்தித் தாக்குதல் நடந்துகொண்டிருப்பதாக ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தார் மொசில்லாவிடம் தெரிவித்தார்கள். அக்டோபர் 9 அன்று 131.0.2, இஎஸ்ஆர் 128.3.1, இஎஸ்ஆர் 115.16.1 மூன்றும் சேர்ந்தே வெளிவந்தன. 2023 செப்டம்பரில் வெப்பி (WebP) என்ற வகைப் படங்களைக் கையாளும் நிரலில் ஓட்டை வந்து உலகமே பதறியபோதும் இஎஸ்ஆர் வரிசைகளுக்கு உடனே திருத்தம் கிடைத்தது. ஆகவே, பழைய எண் இருக்கிறது என்பதற்காக ஓட்டை அடைபடாமல் கிடக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. உயர் ஆபத்து, மிக உயர் ஆபத்து என்று தரம் பிரிக்கப்பட்ட ஓட்டைகளுக்கே இஎஸ்ஆரில் திருத்தம் வரும் என்பது மொசில்லாவின் வரையறை. அதற்குக் கீழே உள்ளவை அடுத்த வருடப் பதிப்புவரை காத்திருக்கக்கூடும். அதைவிட முக்கியமானது, பிரவுசரின் அமைப்பையே பலப்படுத்தும் வேலைகள் இஎஸ்ஆருக்குத் தாமதமாகத்தான் வந்து சேரும். ஒவ்வொரு இணையதளத்தையும் தனித்தனி ப்ராசஸில் அடைத்து வைக்கும் வசதி 2021 இறுதியில் சாதாரணப் பதிப்பில் வந்தது. 91 இஎஸ்ஆரில் இருந்தவர்கள் 2022 ஜூனில் 102 வரும்வரை அது இல்லாமல்தான் இருந்தார்கள். அலுவலக மென்பொருளும் நாலைந்து அரசுத் தளங்களும் மட்டும் திறக்கும் கணினிக்கு இந்த இடைவெளி பெரிய விஷயமில்லை என்பது என் கருத்து. ஆனால் தெரியாத தளங்களில் நாள் முழுவதும் தேடுவதே வேலையாக உள்ளவர்களுக்கு, உங்கள் கொள்முதல் பிரிவு அப்படி இருக்கலாம், சாதாரணப் பதிப்பையே கொடுங்கள். எல்லா 800 கணினிக்கும் ஒரே பதிப்பு இருந்தாக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

12 வாரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதை ஒரு அனுபவத்தோடு சொல்கிறேன். 2021-ல் 78-லிருந்து 91-க்குப் போக வேண்டியிருந்தது. நடுவில் 12 சாதாரணப் பதிப்புகளில் சிறுகச் சிறுக வந்திருந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே நாளில் வந்து இறங்கும். 89-ல் மாறிய டேப்களின் தோற்றம், 90-ல் எடுத்துவிட்ட எஃப்டிபி என்ற பழைய கோப்புப் பரிமாற்ற வசதி, புதிதாக எழுதப்பட்ட பிரிண்ட் திரை, எல்லாம் அதில் இருந்தன. தோற்றம் மாறியதற்கு நான் தயாராக இருந்தேன். எஃப்டிபி முகவரி ஒன்றை புக்மார்க்கில் வைத்திருந்த பிரிவைக் கண்டுபிடித்து மாற்றுவழியும் செய்தாயிற்று. பிரிண்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அதைக் கண்டுபிடித்தது கணக்குப் பிரிவில் 20 வருடமாக இருக்கும் ஒரு மேடம். சோதனைக்கு அவர் கணினியில் 91-ஐப் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் மதியம் ஒரு ரசீதோடு என் மேசைக்கு வந்தார். முன்பே கட்டம் அச்சடித்த தாளில் தொகையை மட்டும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அடிக்கும். தொகை கட்டத்துக்கு வெளியே, கோட்டின் மேலேயே விழுந்திருந்தது. “சார், இதை பேங்க்ல கொடுத்தா வாங்க மாட்டாங்க” என்றார். மார்ஜினும் அளவு விகிதமும் பழைய அமைப்பிலிருந்து வராமல் இயல்பு நிலைக்குத் திரும்பியிருந்ததுதான் காரணம். சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அது எல்லாக் கிளைகளிலும் ஒரே காலையில் நடந்திருந்தால் எத்தனை ரசீது புத்தகம் வீணாகியிருக்கும்! சோதனைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது கணினி நன்றாகத் தெரிந்தவரைத் தேடாதீர்கள். ஒரே வேலையைத் தினமும் நூறு தடவை செய்பவரைத் தேடுங்கள். மாற்றம் அவர் கண்ணில்தான் முதலில் படும்.

தூங்கிக் கழித்த கதையும் என்னிடம் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் 52 வந்தபோது சாதாரணப் பதிப்பில் ஜாவா, சில்வர்லைட் போன்ற பிளக்இன்களை, அதாவது பிரவுசருக்குள் ஓடும் வெளி நிரல்களை, நிறுத்திவிட்டார்கள். 52 இஎஸ்ஆரில் மட்டும் விட்டுவைத்தார்கள். எங்கள் டெண்டர் பிரிவு பயன்படுத்திய தளம் ஒன்றில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் சொருகி, ஜாவா ஆப்லெட் என்ற சிறு நிரல் வழியாகத்தான் கையெழுத்துப் போட முடியும். அப்பாடா, இஎஸ்ஆர் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். ஒன்றரை வருடம் கையில் இருந்தது. அந்தத் தளத்தாரிடம் ஒரு கடிதம்கூட எழுதிக் கேட்கவில்லை. 2018 செப்டம்பரில் 52-ன் ஆயுள் முடிந்து, கணினிகள் 60-க்குப் போயின. மதியம் 3 மணிக்கு டெண்டர் முடிகிற ஒரு நாளில், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுக் கட்டம் மட்டும் தெரிந்தது. டோக்கனைக் கழற்றி மாட்டினார்கள், கணினியை அணைத்துப் போட்டார்கள், ஜாவாவைத் திரும்ப நிறுவினார்கள். கடைசியில் அலமாரியில் மாதக்கணக்கில் நெட் படாமல் கிடந்த ஒரு லேப்டாப்பில் பழைய 52 இருந்ததால் பிழைத்தோம். நேரம் முடிய 20 நிமிடம் இருந்தது. அதற்குப் பிறகு, அந்தத் தளம் ஜாவாவை விடும்வரை, அந்த ஒரு லேப்டாப்பை அந்த ஒரு தளத்துக்கு மட்டும் திறந்து, மற்ற எல்லாவற்றையும் ஃபயர்வாலில் அடைத்து வைத்திருந்தோம். உங்கள் பில்லிங் மென்பொருள் இப்படி வழக்கொழியப் போகும் ஒன்றை நம்பி இருக்கிறதா என்பதை அதை எழுதியவர்களிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். உங்கள் கேள்வியில் அந்த விவரம் இல்லாததால், இஎஸ்ஆர் உங்களுக்கு நிரந்தரத் தீர்வா, கொஞ்ச கால அவகாசம் மட்டும்தானா என்று என்னால் முடிவாகச் சொல்ல முடியாது.

சில இடங்களில் இஎஸ்ஆரைப் போட்டுவிட்டு அப்டேட்டையும் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இஎஸ்ஆரின் பாதுகாப்பே 4 வாரத்துக்கு ஒருமுறை வரும் 140.1, 140.2 போன்ற புள்ளிப் பதிப்புகளில்தான் இருக்கிறது. அவை பெரும்பாலும் திருத்தங்கள் மட்டுமே, புது வசதிகள் அல்ல. நான் பார்த்தவரை அவற்றால் ஒரு மென்பொருளும் உடைந்ததில்லை. அப்டேட்டை நிறுத்தினால் ஓட்டை மட்டும் பிரச்சினை இல்லை. பிரவுசருக்குள் பதிந்திருக்கும் சான்றிதழ்களுக்கும் காலாவதி தேதி உண்டு. 2025 மார்ச் 14 அன்று மொசில்லாவின் ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. 128-க்கு முந்தைய சாதாரணப் பதிப்புகளிலும், 115.13-க்கு முந்தைய இஎஸ்ஆரிலும் ஆட்ஆன்கள் (பிரவுசரில் நாம் சேர்க்கும் கூடுதல் வசதிகள்) செயலிழக்கலாம் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். ஒழுங்காக அப்டேட் வாங்கிக்கொண்டிருந்த இஎஸ்ஆர் கணினிகளுக்கு அந்த நாள் மற்ற நாளைப் போலவே கழிந்தது.

இனி, மாறும்போது பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம். சாதாரண ஃபயர்பாக்ஸிலிருந்து இஎஸ்ஆருக்குப் போவது, எண்ணைப் பார்த்தால், பின்னால் போவது. 67-ஆம் பதிப்பிலிருந்து, புதிய பதிப்பில் பயன்படுத்திய ப்ரொஃபைலை (ஒருவரின் புக்மார்க், கடவுச்சொல், அமைப்புகள் எல்லாம் இருக்கும் தொகுப்பு) பழைய பதிப்பில் திறக்க ஃபயர்பாக்ஸ் விடாது. புது ப்ரொஃபைல் உருவாக்கிக்கொள் என்று ஒரு செய்தி காட்டும். ஊழியர் அதை அழுத்தினால் புக்மார்க், சேமித்த கடவுச்சொல் எல்லாம் காணாமல் போனது போலத் தெரியும். பழைய ப்ரொஃபைல் டிஸ்கில் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் 800 பேருக்கு அதைப் போனில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. புது இஎஸ்ஆர் வெளியானதிலிருந்து நாலு வாரத்துக்குச் சாதாரணப் பதிப்பின் எண்ணும் இஎஸ்ஆரின் எண்ணும் ஒன்றாக இருக்கும். அந்த நாலு வாரத்துக்குள் மாறிவிட்டால் ப்ரொஃபைல் அப்படியே வந்துவிடும். அந்த ஒருமுறை மட்டும் 12 வார இரட்டைக் காலம் உங்களுக்குக் கிடைக்காது, ஆனால் உங்கள் கணினிகள் ஏற்கெனவே அந்த எண்ணில்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் புதிதாக உடைய எதுவும் இல்லை. முதலில் ஒரு கிளையில் செய்து பாருங்கள். இஎஸ்ஆரிலிருந்து சாதாரணப் பதிப்புக்குப் போவதில் இந்தச் சிக்கல் இல்லை, எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

முகப்புப் பக்கம், அனுமதிக்கப்பட்ட ஆட்ஆன்கள், உள் சர்வரின் சான்றிதழ் போன்றவற்றைக் கட்டுப்படுத்துவதற்காக மட்டும் இஎஸ்ஆர் வேண்டும் என்று நினைத்திருந்தால், அது தேவையில்லை. 2018-ல் 60-ஆம் பதிப்போடு வந்த பாலிசி வசதி சாதாரண ஃபயர்பாக்ஸிலும் இருக்கிறது. விண்டோஸில், எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் குரூப் பாலிசி வழியாகவே எல்லாவற்றையும் அனுப்பலாம். லினக்ஸில் பாலிசீஸ்.ஜேசன் என்ற ஒரே கோப்பு போதும். மேக் கணினிகளை நான் நிர்வகித்ததில்லை, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை. லினக்ஸ் கணினிகள் இருந்தால் பெரும்பாலும் உங்களுக்கு வேலையே மிச்சம். டெபியன், ரெட் ஹாட் என்ற லினக்ஸ் வகைகள் இரண்டும் இஎஸ்ஆரையே கொடுக்கின்றன. டோர் பிரவுசர்கூட இஎஸ்ஆரின் மேல்தான் கட்டப்படுகிறது.

குரோமுக்குப் போய்விடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். குரோமிலும் எட்ஜிலும் இதே அளவுக்கு நீண்ட வரிசை கிடையாது. 2021 செப்டம்பரில், 94-ஆம் பதிப்போடு, இரண்டும் 4 வாரச் சுழற்சிக்கு மாறியபோது, நிறுவனங்களுக்காக எக்ஸ்டெண்டட் ஸ்டேபிள் என்ற ஒரு வரிசையைத் தனியாக வைத்தன. அது 8 வாரத்துக்கு ஒருமுறை மாறும், இரட்டைப்படை எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். 8 வாரம் போதுமா என்பது உங்கள் அலுவலகத்தைப் பொறுத்தது. சோதனைக்கென்றே ஒரு குழு இருந்தால் போதும், ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்க்கும் இடத்தில் போதாது என்பது என் அனுபவம். ஆனால் ஒன்று, ஆக்டிவ்எக்ஸ் போன்ற இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்துச் சமாச்சாரம் ஏதாவது உங்களிடம் மிச்சம் இருந்தால் அதற்கு இஎஸ்ஆரும் உதவாது, குரோமும் உதவாது. பழைய எக்ஸ்ப்ளோரர் போலவே தளங்களைத் திறந்து காட்டும் எட்ஜின் ஐஇ மோட் மட்டுமே வழி. எக்ஸ்ப்ளோரர் 11-ஐ 2022 ஜூன் 15 அன்று ஓய்வு கொடுத்து அனுப்பிய மைக்ரோசாஃப்ட், ஐஇ மோடை குறைந்தது 2029 வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறது. தேவையான தளங்களை மட்டும் பட்டியலில் போட்டு அதில் திறக்கச் செய்யுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். 10 கணினிகளில் சாதாரணப் பதிப்பை விட்டுவைப்பேன், பெரும்பாலும் கணினிப் பிரிவிலேயே. அடுத்த இஎஸ்ஆரில் என்ன வரப்போகிறது என்பது அவற்றில் மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். மற்றவை எல்லாம் இஎஸ்ஆர், அப்டேட் திறந்தபடி. புது இஎஸ்ஆர் வெளியாகும் நாளில், கிளைக்கு மூன்று பேர் வீதம் 42 கணினிகளுக்கு அதன் நிறுவு கோப்பை நானே எடுத்துப் போடுவேன். இதைக் கையால் செய்தாக வேண்டும், ஏனென்றால் இரட்டைக் காலம் முடியும்வரை தானியங்கி அப்டேட் பழைய வரிசையைவிட்டு நகராது. அந்த 42 பேரும் ஒரு மாத முடிவையாவது, முடிந்தால் ஒரு காலாண்டு முடிவையும், புது பதிப்பில் செய்து பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி தாக்கல், சம்பளப் பட்டியல், வங்கிக்கான கோப்பு போன்றவை மாதம் ஒருமுறைதான் நடக்கும். முதல் வாரத்திலேயே எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அவை சோதனைக்குள் வராமலே போய்விடும். எட்டாவது வாரத்தில் ஒரு முழுக் கிளையை மாற்றுவேன், அதுவும் திங்கட்கிழமை வேண்டாம், புதன்கிழமை. பத்தாவது வாரத்தில் மற்ற கிளைகள். கடைசி இரண்டு வாரம் ஏதாவது தவறினால் சரிசெய்வதற்கு.

சோதிக்கப் போகும் 42 பேருக்கும் ஒரு தாள் கொடுங்கள். அன்றாடம் திறக்கும் திரைகள், அடிக்கும் பிரிண்ட், ஏற்றி இறக்கும் கோப்பு, சொருகும் டோக்கன், எல்லாவற்றையும் அவர்களே கையால் எழுதித் தரட்டும். நான் தயாரித்த பட்டியலில் இருந்தவை 11. ரசீதோடு வந்த அந்த மேடம் எழுதிக் கொடுத்தவை 34.